ஏழரைக் கோடியும் கொஞ்சம் பசையும்

பெங்களூரு லாவெல் சாலை, சனிக்கிழமை சாயங்காலம். யூ.பி. சிட்டி பக்கமிருந்து மார்பளவு உயரம்கூட இல்லாத மஞ்சள் கார் ஒன்று ஊர்ந்து வருகிறது. வேகத்தடையைக் கண்டதும் நிற்கிறது. ஓட்டுகிறவர் ஒரு பொத்தானை அழுத்த, காரின் மூக்கு கொஞ்சம் எழுகிறது. பிறகு கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி மேட்டைக் கடக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி அது. பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நடைபாதையில் பையன்கள் செல்போனை உயர்த்திப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள்: “அண்ணா, ஒந்து சல ரெவ் மாடி!” ஒரே ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சத்தம் காட்டச் சொல்கிறார்கள். அண்ணாவும் மனமிரங்கி மிதிக்கிறார். பட்பட்டென்று வெடிக்கிறது சைலன்சர். ஒரு கணம் ஜுவாலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது.

இந்தக் கெஞ்சலைக் கேட்டுப் பதற வேண்டியவர்கள் இத்தாலியில் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் லம்போர்கினி நிறுவனம் தன் அவென்டடார் கார்களைத் திரும்ப அழைத்தது. உலகம் முழுவதும் சுமார் 5,900 வண்டிகள். மொத்தமே ஒரு டஜன் சொச்சம் செய்யப்பட்ட வெனேனோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. குறை இதுதான்: டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினால், ஆவியை மட்டும் பிடித்து வைக்க வேண்டிய கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே போய்விடலாம். அந்த நிலையில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பெட்ரோல் ஆவி கொதிக்கும் எக்ஸாஸ்ட்டைத் தொட்டுப் பற்றிக்கொள்ளலாம். சத்தத்துக்காக வெளியே வாங்கி மாட்டிய சைலன்சராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். முழு டேங்க், நின்ற வண்டி, மிதித்த கால், மாற்றிய சைலன்சர். லாவெல் சாலையின் சனிக்கிழமைச் சாயங்காலத்தை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருக்கிறது.

இந்த வண்டிகளில் தீ எங்கிருந்து வருகிறது என்று புரிய, அவற்றின் உடம்பைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஓட்டத்தில் எதிர்காற்று நேராக ரேடியேட்டரில் அடிக்கிறது. புகை வந்தால் கண்ணெதிரே பானட்டிலிருந்து வரும். ஓட்டுகிறவர் உடனே பார்த்துவிடுவார். ஃபெராரி, லம்போர்கினி வகையறாக்களில் பெரும்பாலும் என்ஜின் முதுகுக்குப் பின்னால். எட்டு, பத்து, பன்னிரண்டு சிலிண்டர்களை ஒரு டிரங்குப் பெட்டி அளவு இடத்தில் அடைத்திருப்பார்கள். அதைச் சுற்றியே எக்ஸாஸ்ட் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், ஒயர்கள். எக்ஸாஸ்ட்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவே சுமார் 400 டிகிரி செல்சியஸ் வேண்டும். விரட்டி ஓட்டினால் 800 வரை ஏறும். பெட்ரோல் தீப்பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ள 250 முதல் 280 டிகிரி போதும். ஆக, ஒரு குழாயில் ஊசி முனை அளவு கசிவு இருந்தால் தீக்குச்சிக்கு வேலையே இல்லை.

ஓடும்போது காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நிற்கும்போது? பெங்களூரில் அந்தக் கேள்வி எந்நேரமும் எழுகிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்த நகரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. சைக்கிளில் அழுத்தி மிதித்தால் முந்திவிடலாம். ஹெப்பாள் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு மின்விசிறிதான் கதி. அதனால்தான் இந்த ஊரின் சூப்பர் கார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பல்லாரி சாலையைப் பிடித்து நந்தி மலைப் பக்கம் கிளம்புகிறார்கள். காப்பி குடித்து, படம் எடுத்து, போக்குவரத்து விழிப்பதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் வண்டி அடுக்ககத்தின் அடித்தளத்தில் போர்வை போர்த்தித் தூங்கும். அந்தத் தூக்கத்தைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடிகளைக் கொட்டிச் செய்த வண்டி எரிந்தால் காரணமும் பிரமாண்டமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் காரணங்கள் கேலிக்குரிய அளவுக்குச் சின்னவை. 2010இல் ஃபெராரியின் 458 இத்தாலியா வண்டிகள் சில நடுரோட்டில் பற்றி எரிந்தன. ஆராய்ந்து பார்த்தால் குற்றவாளி பசை. பின் சக்கர வளைவுக்குள் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டியிருந்த பசை சூட்டில் உருகி, தகடு வளைந்து எக்ஸாஸ்ட்டின் மேல் சாய்ந்து, பசையே எரியத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்து, பசையைச் சுரண்டிவிட்டு ரிவெட் அடித்துக் கொடுத்தார்கள்.

போர்ஷே கதை இன்னும் விசேஷம். 2014இன் தொடக்கத்தில் புத்தம் புதிய 911 ஜி.டி.3 வண்டிகள் இரண்டு ஐரோப்பாவில் எரிந்துபோயின. கனெக்டிங் ராடில் இருந்த திருகு கழன்று, ராடு என்ஜின் சுவரைக் குத்திக் கிழித்து, வெளியே பீறிட்ட எண்ணெய் எக்ஸாஸ்ட்டில் பட்டுப் பற்றியிருந்தது. அதுவரை விற்றிருந்த 785 வண்டிகளின் உரிமையாளர்களையும் “ஓட்டாதீர்கள்” என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் முழு என்ஜினையே மாற்றிக் கொடுத்தது. லம்போர்கினியின் பழைய கல்லார்டோவில் பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் குழாய் கசிந்தது. 2012இல் அமெரிக்காவில் மட்டும் 1,491 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பசை, திருகு, ரப்பர் குழாய். ஜே.சி. ரோட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும் சாமான்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சு பெரிதானது 2024 கிறிஸ்துமஸ் இரவில். மும்பை கடற்கரைச் சாலையில் ஆரஞ்சு நிற லம்போர்கினி ஒன்று உள்ளிருந்து எரிவதை வீடியோவாக வெளியிட்டார் ரேமண்ட் குழுமத்தின் கௌதம் சிங்கானியா. இவ்வளவு விலையும் இவ்வளவு பெயரும் உள்ள நிறுவனத்திடம் பாதுகாப்பில் சமரசம் எதிர்பார்க்கவில்லை என்ற தொனியில் எழுதினார். அவருக்கு அந்த நிறுவனத்தோடு முன்பே மனத்தாங்கல் இருந்தது; தான் ஓட்டிப் பார்த்த ரெவுல்டோ நடுவழியில் நின்றுபோனது குறித்து அக்டோபரிலேயே பொதுவெளியில் புகார் சொல்லியிருந்தார். நல்லவேளை, கடற்கரைச் சாலைத் தீயில் யாருக்கும் காயமில்லை.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஓசூர் ரோட்டில் ஒரு பழைய ஹேட்ச்பேக் எரிந்தால் மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தால் அதிகம். லம்போர்கினி எரிந்தால் நாடே பார்க்கிறது. 2024ஆம் ஆண்டு முழுவதும் லம்போர்கினி இந்தியாவில் விற்ற வண்டிகள் 113தான். இருப்பதே கொஞ்சம், அதில் ஒன்று எரிந்தால் கண்ணில் படாமல் எப்படி? எனவே ‘இந்த வண்டிகள் எல்லாமே எரியும்’ என்ற டீக்கடைத் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானது. எரிய ஆரம்பித்தால் காப்பாற்றுவது கடினம் என்பது மட்டும் உண்மை. கார்பன் ஃபைபர் பாடியைப் பிணைத்திருக்கும் பிசின் நன்றாக எரியும். என்ஜின் மூடியைத் திறந்தால் காற்று புகுந்து தீ கொழுந்துவிடும். 2020 பிப்ரவரியில் மொனாக்கோவில் ஃபெராரி எஃப்40 ஒன்று தெருவில் எரிந்தபோது, பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். வண்டி மிஞ்சவில்லை.

தமிழ் வாசகர்களுக்குச் சென்னைச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வரலாம். 2017 மார்ச் 18ஆம் தேதி அதிகாலை, கார் பந்தய வீரர் அஸ்வின் சுந்தரும் அவர் மனைவியும் வந்த பி.எம்.டபிள்யூ கார் சாந்தோம் பகுதியில் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. இருவராலும் வெளியே வர முடியவில்லை. ஃபார்முலா 4 தேசியப் பட்டம் வென்றவர் அவர். அங்கே முதலில் மோதல், பிறகு தீ. மேலே சொன்ன கதைகளிலிருந்து அது வேறு. ஆனால் இரண்டு வகையிலும் கையில் இருக்கும் அவகாசம் ஒன்றிரண்டு நிமிடம்தான். கதவு திறக்காதபோது கண்ணாடியை உடைக்கும் குட்டிச் சுத்தியல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான்.

பெங்களூரு கண்ட மிகப் பெரிய கார் தீயில் இத்தாலியப் பெயர்கள் எதுவும் அடிபடவில்லை. 2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி. வானத்தில் விமானங்கள் வித்தை காட்டிக்கொண்டிருக்க, பார்க்கிங் மைதானத்திலிருந்து கரும்புகை எழுந்தது. கோடையின் வாசலில் காய்ந்து கிடந்த புல்லில் பிடித்த தீ, காற்றில் ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குத் தாவி, சுமார் 300 கார்களைச் சாம்பலாக்கியது. சிகரெட் துண்டு என்றார்கள், சூடான சைலன்சர் என்றார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது வரிசை வரிசையாக இரும்புக் கூடுகள் நின்றன. ஆர்.சி. புத்தகமும் லைசென்ஸும் வண்டிக்குள்ளேயே எரிந்துபோனவர்களுக்காகப் போக்குவரத்துத் துறை உதவி மையம் திறந்தது. காப்பீட்டு நிறுவனங்களும் மேஜை போட்டு உட்கார்ந்தன.

தீயிலிருந்து விலைக்கு வரும் பாதை அந்த மேஜையில்தான் தொடங்குகிறது. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு வகை மனிதர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்குத் தம் வண்டிக்காக ஒரு பைசா இல்லை. முழுக் காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு ‘ஐ.டி.வி.’ என்ற மூன்றெழுத்து தெய்வம். காப்பீட்டாளர் வண்டிக்கு அந்த ஆண்டு குறித்துக் கொடுக்கும் மதிப்பு அது. ஆறு மாதம் தாண்டினால் ஷோரூம் விலையில் 15 சதவீதம் போகும். ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. அதற்கு மேல் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’.

இதை ஒரு சூப்பர் காருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷோரூம் விலை 5 கோடி. கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ். ஆக, ஏறத்தாழ 1 கோடி அரசுக்கு. இரண்டரை வருடம் கழித்து வண்டி எரிந்தால் ஐ.டி.வி. 3.5 கோடி. கையைவிட்டுப் போனது 6 கோடி, வருவது மூன்றரை. ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பை முதலிலேயே வாங்கியிருந்தால்தான் இந்தப் பள்ளம் நிரம்பும். அதையும் வண்டி புதிதாக இருக்கும் முதல் சில ஆண்டுகளுக்கே தருவார்கள். ஆறுதலாக ஒன்று: நம் நாட்டு வாகனக் காப்பீட்டின் பழைய வாசகத்தில் தீ, வெடிப்பு, மின்னலோடு ‘தானாகப் பற்றிக்கொள்வதும்’ சேர்ந்தே இருக்கிறது. சொல்லாமல் சைலன்சரை மாற்றியிருந்தால் அந்த வாசகம் பெரிதாக உதவாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா சொந்தக் கார்களுக்கும் 7,897 ரூபாய். இன்னோவாவுக்கும் அதுதான், ஃபெராரிக்கும் அதுதான்.

எரியாத வண்டிக்கும் விலை இறங்கத்தான் செய்கிறது. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் விலையுயர்ந்த காருக்குச் சுங்கமாக ஏறத்தாழ வண்டி விலைக்குச் சமமான தொகை போகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி., அதன் மேல் மாநில வரி. ஷோரூமை விட்டு வெளியே வரும் வண்டியில் பாதிக்கு மேல் வரிதான் உருண்டு போகிறது. விற்கும்போது அந்த வரியை வாங்குகிறவர் திருப்பித் தருவாரா? அங்கேதான் பேரம். இந்த வட்டாரத்து புரோக்கர்கள் முதலில் கேட்பது என்ஜினைப் பற்றி அல்ல, “எந்த ஊர் நம்பர் சார்?” என்றுதான்.

கே.ஏ. நம்பர் என்றால் ஒரு விலை. பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி நம்பரோ, மகாராஷ்டிரா நம்பரோ என்றால் வேறு விலை. வரி குறைந்த மாநிலத்தில் பதிவுசெய்து பெங்களூரில் ஓட்டுவது இங்கே பழைய வித்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்வது எளிது: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். 12 மாதம் ஆகவில்லை என்று சொல்வதுதான் வித்தையின் உயிர்நாடி.

2021 ஆகஸ்டில் யூ.பி. சிட்டி பக்கம் போக்குவரத்து அதிகாரிகள் சொகுசுக் கார்களை வரிசையாக மடக்கினார்கள். அதில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டமின் ஆவணத்தில் இருந்த பெயர் அமிதாப் பச்சன். ‘ஏக்லவ்யா’ படத்துக்குப் பிறகு இயக்குநர் விது வினோத் சோப்ரா அவருக்குப் பரிசளித்த வண்டி அது. 2019இல் 6 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக அதை அப்போது வைத்திருந்த பெங்களூரு தொழிலதிபர் சொன்னார். இரண்டு ஆண்டுகளாகியும் பெயர் மாறவில்லை. பச்சன் வைத்திருந்த வண்டி என்பதற்காகவே விலை கொடுத்து வாங்கியவருக்கு, பச்சன் பெயரே காகிதத்தில் வில்லங்கமானது.

அதற்குப் பிறகு கெடுபிடி கூடியது. 2025 பிப்ரவரியில் ஃபெராரி, போர்ஷே, ஆஸ்டன் மார்ட்டின் உட்பட 30 சொகுசுக் கார்களை ஒரே சோதனையில் பறிமுதல் செய்தார்கள். வரி பாக்கி சுமார் 3 கோடி. அதே ஆண்டு ஜூலை 3ஆம் தேதி மகாராஷ்டிரா நம்பர் போட்ட சிவப்பு ஃபெராரி எஸ்.எஃப்.90 ஸ்ட்ராடாலே ஒன்றை ஜெயநகர் ஆர்.டி.ஓ. அலுவலகம் பிடித்தது. சுமார் ஏழரைக் கோடி மதிப்புள்ள வண்டி. ஆயிரம் குதிரைத் திறன். வரியும் அபராதமுமாகச் சுமார் 1.42 கோடி ரூபாயை உரிமையாளர் கட்டினார். ஒற்றை வண்டிக்கு இந்த ஊரில் வசூலான மிகப் பெரிய தொகைகளில் அது ஒன்று. ஏழரை என்றாலே நமக்குச் சனிதான் நினைவுக்கு வருகிறது.

சென்னையும் இதில் சளைத்ததல்ல. நடிகர் விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட்டுக்கு நுழைவு வரி விலக்குக் கேட்ட வழக்கில், 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தீர்ப்பிலிருந்த கடுமையான சொற்கள் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. வண்டி வாங்கி ஒன்பது ஆண்டு கழித்தும் வரிப் பேச்சு ஓயவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?” ஐந்து வயது வண்டி 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் புரோக்கர் முகம் மலரும். குறைவாக ஓடியது புதிது, புதிதென்றால் நல்லது என்பது இந்தச் சந்தையின் கணக்கு. மெக்கானிக்கைக் கேட்டால் அவர் தலையாட்டமாட்டார்.

ஓடாத காரில் முதலில் சாவது பேட்டரி. பிறகு டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிறது. மெதுவாக, கண்ணில் படாமல் சாவது ரப்பர். பெட்ரோல் குழாய், எண்ணெய்க் குழாய், சீல்கள் காய்ந்து விறைத்து, மடிப்புகளில் மயிரிழை வெடிப்பு விடுகின்றன. பெங்களூரு அடித்தளங்களில் இன்னொரு பிறவியும் குடியிருக்கிறது: எலி. நகராத வண்டியின் என்ஜின் அறை அதற்கு அரண்மனை. ஒயர் உறையைக் கொறித்தால் ஷார்ட் சர்க்யூட். குழாயைக் கொறித்தால் கசிவு. மாருதியானாலும் மசராட்டியானாலும் எலிக்கு ஒரே ருசி. இப்போது பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025இல் பெட்ரோலியத் துறையே ஒப்புக்கொண்டது. வசதியுள்ளவர்கள் எத்தனால் கலக்காத இந்தியன் ஆயிலின் எக்ஸ்.பி.100 வகையைத் தேடிப் போகிறார்கள். 2020 டிசம்பரில் டெல்லியில் அது அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய்.

ஆகவே வாங்குகிறவர் ‘கன்னி கழியாத வண்டி’ என்று பூரித்து, அதிக விலை கொடுத்து, முதல் ஞாயிற்றுக்கிழமையே நந்தி மலைச் சாலையில் விரட்டும்போது, பின்னாலிருக்கும் குழாய்களுக்கு அது பல ஆண்டுகளுக்குப் பிறகான முதல் சோதனை. நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30ஆம் தேதி கலிஃபோர்னியாவில் இறந்த விபத்தில், போர்ஷே கரேரா ஜி.டி. மோதி எரிந்தது. அதிவேகமே காரணம் என்றது விசாரணை. டயர்களின் வயது ஒன்பது ஆண்டு என்பதையும் குறித்து வைத்தது. அந்த விபத்துக்குப் பிறகு கரேரா ஜி.டி.யின் விலை சரியும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். மொத்தம் செய்ததே 1,270தான். புதிதில் சுமார் 4.4 லட்சம் டாலருக்கு விற்ற வண்டி, இன்று ஏலங்களில் 10 லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் தீகூட விலையைத் தொடுவதில்லை. 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற சரக்குக் கப்பல் சுமார் 4,000 கார்களோடு அட்லான்டிக்கில் எரிந்து, மார்ச் 1ஆம் தேதி மூழ்கியது. அதில் அவென்டடாரின் கடைசிப் பதிப்பான உல்டிமே 15 இருந்தன. அந்த வண்டியின் தயாரிப்பே முடிந்துவிட்ட நேரம். பணம் கட்டியவர்களுக்காக லம்போர்கினி அவற்றைத் திரும்பச் செய்து கொடுத்தது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்யும் சொகுசு செடான்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. மூன்றே வருடத்தில் பாதி விலைக்குக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

தீயும் மறுவிற்பனையும் நேருக்கு நேர் சந்தித்த சம்பவமும் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் இருக்கும் ஹைதராபாத்தில் அது நடந்தது. 2009ஆம் ஆண்டு மாடல் லம்போர்கினி கல்லார்டோ ஸ்பைடர், மஞ்சள் நிறம். பதினைந்து வயதாகியும் சுமார் 1 கோடி மதிப்பு. உரிமையாளர் விற்க நினைத்தார். பழைய கார் வியாபாரத்தில் இருந்தவரோடு பணத் தகராறு. 2024 ஏப்ரல் 13ஆம் தேதி மாலை, காரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நகருக்கு வெளியே மாமிடிப்பள்ளி பக்கம் வரவழைத்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டதாகப் போலீஸ் வழக்குப் பதிந்தது. பசையும் திருகும் பதினைந்து வருடம் செய்யாத வேலையைச் செய்ய ஒரு பாட்டில் பெட்ரோலே போதுமாயிருந்தது. படங்களில் மிஞ்சியது கருகிய கூடும், சாம்பலில் சாய்ந்த சக்கரமும்தான்.

அந்தக் கூட்டுக்கு என்ன விலை தேறும்? காயலான் கடையில் எடைக்கு எடை. அமெரிக்காவில் வேறு பதில் கிடைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் மான்டரே நகரில் ஆர்.எம். சாத்தபிஸ் நடத்திய ஏலத்துக்கு 1954ஆம் ஆண்டின் ஃபெராரி 500 மோண்டியல் ஒன்று வந்தது. மில்லே மில்யா பந்தயம் ஓடிய வண்டி. அறுபதுகளில் மோதி எரிந்து, பிறகு பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தது. மேடைக்குக் கொண்டு வந்தபோது கார் என்று சொல்ல உருவமே இல்லை. கசக்கிப் போட்ட அலுமினியத் தாள் போல ஒரு குவியல். 18,75,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 15 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவருக்கு அந்தக் குவியலில் வேண்டியிருந்தது ஒரு நம்பர்: 0406 எம்.டி. அது இருந்தால் மீதியைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். அது இல்லாமல் எவ்வளவு அழகாகச் செய்தாலும் நகல்தான்.

இங்கேயும் எரிந்த வண்டியைப் பார்க்க வரும் காப்பீட்டு சர்வேயர் முதலில் தேடுவது அதைத்தான். நம்பர் பிளேட் எரிந்திருக்கும், பெயின்ட் போயிருக்கும், ஸ்டியரிங் உருகி வழிந்திருக்கும். அவர் குனிந்து, கரியைத் துணியால் துடைத்து, சேஸிஸில் கொத்தியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். சட்டைப் பையிலிருந்து துண்டுத் தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறார். மெல்ல மெல்லப் பதினேழு எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வருகின்றன. சரிபார்த்து, தாளை மடித்து, ஃபைலில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்கிறார்.